துவர்ப்பு முதிரும்போது: குறைந்த விலையில் நெடுநாள் தாங்கும் ஒரு பிரெஞ்சு சிவப்பு ஒயின்

வெட்டுப்பாக்கை மென்ற முதல் நிமிடத்தில் நாக்கையும் ஈறையும் ஏதோ பிடித்து இழுப்பதுபோல இருக்கும். நாவல்பழம் தின்றாலும் அப்படித்தான். தமிழில் அதற்குத் துவர்ப்பு என்று தனிப் பெயர் உண்டு. அறுசுவையில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறோம். சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். பத்து, இருபது ஆண்டுகள் வைத்திருந்து குடிக்கத் தகுந்த சிவப்பு ஒயின் எது என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு இந்தத் துவர்ப்புக்குத்தான்.

துவர்ப்பைத் தரும் பொருளின் பெயர் டானின். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்தார்களே, அவற்றில் இருப்பதும் டானின்தான். தோலில் உள்ள புரதத்தை அது பிடித்து இறுக்குகிறது. வாயில் அகப்படுவது உமிழ்நீரில் உள்ள புரதம். அதை டானின் பற்றிக்கொண்டதும் உமிழ்நீரின் வழுவழுப்பு போய்விடுகிறது, நாக்கு சொரசொரக்கிறது. திராட்சையில் டானின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிறது. சாற்றில் மிகக் குறைவு. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால்தான் அதில் துவர்ப்பு இவ்வளவு தெரிகிறது.

உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரண்டு ஆண்டுக்குள் குடித்து முடிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை அலமாரியில் பத்தாண்டு வைத்தால் பழமணம் வடிந்து, நிறம் மங்கி, தட்டையாகிவிடும். "பழைய ஒயின் என்றாலே நல்ல ஒயின்" என்ற எண்ணம் தவறு. வைத்தால் மேம்படுபவை சிலதான். அவற்றுக்கு அந்தத் தாங்கும் வலு, பாட்டிலில் அடைக்கும் முன்பே, ஏன், கொடியில் இருக்கும்போதே வந்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒயின் எல்லாம் எட்டாத விலை என்பதும் உண்மையல்ல. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் சொசியாந்தோ-மாலே என்றொரு பண்ணை இருக்கிறது. அதன் ஒயின் நல்ல ஆண்டுகளில் இருபது, முப்பது ஆண்டு தாங்கும். பிரான்சில் ஒரு பாட்டில் பெரும்பாலும் 30 முதல் 40 யூரோவுக்குள் கிடைக்கும். பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கும் லஃபீத் பண்ணையின் ஒயினுக்கு நூற்றுக்கணக்கான யூரோ கொடுக்க வேண்டும். இந்த ஒரு பண்ணையை நன்றாகப் பார்த்துக்கொண்டால் மற்றவற்றைத் தேடும் வழி தானே தெரியும்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது

முதிர்தலுக்கு மூன்று தூண்கள்: துவர்ப்பு, புளிப்பு, பழச்செறிவு. மூன்றும் போதிய அளவில் இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கவும் வேண்டும்.

துவர்ப்பு ஆக்சிஜனை எதிர்கொண்டு ஒயினைக் காக்கிறது. பாட்டிலின் கார்க் வழியே ஆண்டுதோறும் மிக மிகச் சிறிய அளவு ஆக்சிஜன் உள்ளே போகும். அதைத் தாங்கும் பொருள் இல்லாவிட்டால், வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பு நிறமாவதுபோல ஒயினும் பழுப்பேறிக் கெட்டுவிடும். டானின் அந்த ஆக்சிஜனை ஏற்று, தானும் உருமாறுகிறது. டானின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன, திராட்சைத் தோலின் நிறப்பொருளோடும் பிணைகின்றன. பிணைந்து பருத்தவற்றில் ஒரு பகுதி கரைந்திருக்க முடியாமல் அடியில் வண்டலாக இறங்குகிறது. அதனால்தான் பழைய சிவப்பு ஒயினில் வண்டல் இருக்கிறது, அதனால்தான் அதன் நிறமும் வெளிறுகிறது. வாயைப் பிடிக்கும் வேகமும் இப்படித்தான் குறைந்து, மிருதுவாகிறது.

புளிப்பு அப்படிக் குறையாது. முதல் நாள் இருந்த புளிப்பு ஏறத்தாழ அப்படியே இருபதாம் ஆண்டிலும் இருக்கும். துவர்ப்பு இறங்கிய பிறகு ஒயினைத் தூக்கி நிறுத்துவது அதுதான். புளிப்பு குறைந்த ஒயினில் நுண்ணுயிர்கள் எளிதாகப் பெருகும், ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக-டை-ஆக்சைடின் காவலும் பலவீனப்படும். ஆகவே வெயில் கொளுத்திய ஆண்டின் ஒயின் இளமையில் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நெடுநாள் ஓட்டத்தில் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பழச்செறிவு. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். துவர்ப்பு மட்டும் கடுமையாக இருந்து பழம் மெலிந்திருந்தால், துவர்ப்பு தணிவதற்குள் பழம் செத்துவிடும். மிஞ்சுவது காய்ந்த கட்டை. "இப்போது கடுமையாக இருக்கிறது, ஆகவே பிறகு அருமையாகும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பி வாங்கக் கூடாது. கடுமைக்குப் பின்னால் பழம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மணமும் மாறும். இளம் போர்தோவில் கருந்திராட்சை, பிளம், பென்சில் சீவிய மரவாசனை, பீப்பாய் தந்த வனிலாவும் கிராம்பும் இருக்கும். பத்து, பதினைந்து ஆண்டில் இவை பின்வாங்கி, தேவதாரு, உலர்ந்த புகையிலை, தோல்வார், மழைக்குப் பிந்தைய ஈர மண், காளான் என்று வேறொரு கூட்டம் வந்து சேரும். காத்திருப்பது இந்த இரண்டாம் கூட்டத்துக்காக. இந்த மணங்கள் பிடிக்காதவர்களும் உண்டு. புதுப் பழமணம்தான் வேண்டும் என்றால் இளமையிலேயே குடித்துவிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

ஆற்றைப் பார்க்கும் மேடு

போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையோரம் நீண்டு கிடக்கும் நிலம் மெதோக். ஒரு காலத்தில் பெரும்பாலும் சதுப்பு. 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். இடையிடையே இருந்த கூழாங்கல் மேடுகளில் கொடி நட வழி பிறந்தது. "நல்ல கொடிகள் ஆற்றைப் பார்க்கும்" என்பது அங்கே வழங்கும் பேச்சு. அது வெறும் அழகுக்குச் சொன்னதில்லை. கூழாங்கல்லில் தண்ணீர் நிற்காது. வேர் நீரைத் தேடி ஆழம் போகும், கனி சிறுத்துத் தோல் தடிக்கும். தோல் தடித்தால் டானின் கூடும். கல் பகல் வெயிலைச் சேர்த்து வைத்து இரவில் விடுவதால், தாமதமாகப் பழுக்கும் கபர்னே சொவினியோன் திராட்சை அக்டோபருக்குள் பழுத்துவிடும். பக்கத்தில் இருக்கும் அகன்ற நீர்ப்பரப்பு வசந்தகால உறைபனியைத் தள்ளி வைக்கும். 2017 ஏப்ரல் உறைபனியில் போர்தோவின் பல தோட்டங்கள் கருகியபோது, ஜிரோந்தை ஒட்டிய மேடுகள் பெரிதும் தப்பின.

சொசியாந்தோ-மாலே இப்படியொரு மேட்டில் இருக்கிறது. ஊர் சேன்-சுரேன்-த-காதூர்ன், புகழ்பெற்ற சேன்தெஸ்தெஃப் ஊருக்கு அடுத்து வடக்கே. மேலே கூழாங்கல், அடியில் களிமண்ணும் சுண்ணாம்பும். களி ஈரம் காப்பதால் மெர்லோ திராட்சைக்கு இது ஒத்துப்போகிறது. ஆகவே இங்கே மெர்லோவும் கபர்னே சொவினியோனும் ஏறத்தாழச் சரிபாதி, கொஞ்சம் கபர்னே ஃபிரான். கபர்னே முதுகெலும்பு, மெர்லோ சதை என்று வைத்துக்கொள்ளலாம்.

1969இல் ழான் கோத்ரோ என்ற ஒயின் வணிகர் இந்தப் பண்ணையை வாங்கியபோது ஐந்து ஹெக்டேர்தான் கொடி இருந்தது. கட்டடமும் பராமரிப்பின்றிக் கிடந்தது. வேறொருவருக்கு வாங்கித்தர நிலம் தேடிப் போனவர், மேட்டிலிருந்து கழிமுகத்தைப் பார்த்துத் தாமே வாங்கிவிட்டார். சுற்றியிருந்த நிலங்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார். 2019இல் அவர் மறைந்த பிறகு மகள் சில்வி கோத்ரோ நடத்துகிறார்.

ழான் கோத்ரோ பிடிவாதமாகக் கடைப்பிடித்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பல பெரிய பண்ணைகளில் கோடையில் காய்க்குலைகளில் ஒரு பகுதியை வெட்டி எறிந்து, மீந்தவற்றைச் செறிவாக்குவார்கள். கோத்ரோ அதைச் செய்யவில்லை. கொடிகளை நெருக்கமாக நட்டு, அவை ஒன்றோடொன்று போட்டியிட்டுத் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் என்ற பழைய முறையையே நம்பினார். அவருடைய ஒயின்கள் முதிர்ந்த விதத்தைப் பார்த்தால், அந்த மண்ணுக்கு அவர் சொன்னது சரி என்றே தோன்றுகிறது.

கொடியிலிருந்து பீப்பாய் வரை

அறுவடை கையால். காம்பு நீக்கிய கனியைத் தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். வெப்பம் பொதுவாக 28 முதல் 30 டிகிரி வரை. 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்து, நொதித்தல் பாதியில் நின்றுபோகும் ஆபத்து உண்டு. சர்க்கரை முழுதும் ஆல்கஹாலாக மாற ஏழெட்டு நாள் போதும். ஆனால் தாங்கும் ஒயின் செய்கிறவர்கள் அத்தோடு சாற்றை வடிப்பதில்லை. மொத்தம் மூன்று வாரம், சில ஆண்டுகளில் அதற்கு மேலும், தோலோடு ஊற விடுகிறார்கள். டானின் இறங்குவது இந்த நாட்களில்தான். தேயிலையைக் கூடுதல் நேரம் ஊறவிட்டால் டிகாஷன் கடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆபத்து இங்கும் உண்டு: விதை சரியாகப் பழுக்காத ஆண்டில் நீண்ட நேரம் ஊறவிட்டால் பச்சைக் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

பிறகு இரண்டாவது நொதித்தல் ஒன்று உண்டு. அதில் பாக்டீரியா, கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். அதன்பின் பீப்பாய். போர்தோ பீப்பாயின் கொள்ளளவு 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். பன்னிரண்டு மாதத்துக்கு மேல், ஒன்றரை ஆண்டு வரையிலும் அதில் இருக்கும். பழைய மெதோக் வழக்கப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக இறக்குவார்கள். தெளிந்தது மேலே வரும், கசடு அடியில் தங்கும், கொஞ்சம் காற்றும் படும். பல பண்ணைகளில் இன்றும் பீப்பாய்க்கு நாலைந்து முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுகிறார்கள். அது முரட்டு டானினைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கும். வாயில் உமிழ்நீர்ப் புரதம் செய்யும் அதே வேலைதான்.

சொசியாந்தோவில் பெரும்பங்கு புதுப் பீப்பாய். அதனால் முதல் ஐந்தாறு ஆண்டில் திறந்தால் மரவாசனை முன்னே நிற்கும். அதைக் குறை என்று எண்ணிவிட வேண்டாம். பிந்திய ஆண்டுகளில் அது ஒயினுக்குள் கலந்து மறைந்துவிடுகிறது.

விலை ஏன் குறைவு

காரணம் ஒயினில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபடி, போர்தோ தரகர்கள் சிவப்பு ஒயின் பண்ணைகளை ஐந்து படிகளாக அடுக்கினார்கள். அளவுகோல் அப்போதைய சந்தை விலை. அந்தப் பட்டியல் அன்றுமுதல் ஏறத்தாழ மாறவே இல்லை. பேசத்தக்க ஒரே ஏற்றம் 1973இல் மூத்தோன்-ரோட்சில்ட் முதற்படிக்கு உயர்ந்தது. 1855இல் இடம்பெறாத சொசியாந்தோ இன்றுவரை வெளியேதான். பட்டியலுக்கு வெளியே இருந்த பண்ணைகளுக்காக வந்த க்ரூ பூர்ஷுவா என்ற வகைப்பாட்டை 2003இல் புதிதாக அடுக்கியபோதும் கோத்ரோ விண்ணப்பிக்கவில்லை. ஒயின் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். அந்த 2003 பட்டியலையே நீதிமன்றம் 2007இல் ரத்து செய்தது. 2020இல் வந்த பட்டியலில் 249 பண்ணைகள் மூன்று படிகளில் இருந்தன; 2025இல் அது மறுபடி மாற்றி அடுக்கப்பட்டது. நல்ல விலையில் தேடுகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் பயனுள்ள வழிகாட்டி.

இரண்டாவது காரணம் லேபிளில் உள்ள ஊர்ப்பெயர். "போயாக்" என்றோ "சேன்தெஸ்தெஃப்" என்றோ இருந்தால் விலை ஏறும். சொசியாந்தோவின் லேபிளில் இருப்பது "ஓ-மெதோக்" என்ற பொதுப்பெயர். ஊர் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் கூழாங்கல் மேடு தொடர்கிறது என்பது தெரிந்தவருக்கே லாபம்.

மூன்றாவது, காலம். பதினைந்து வயதான பாட்டிலை இன்று கடையில் வாங்கினால், அத்தனை ஆண்டு குளிரறையில் வைத்திருந்த செலவும் முடங்கிய பணத்தின் வட்டியும் விலையில் சேர்ந்திருக்கும். புதிதாக வாங்கி நீங்களே வைத்திருந்தால் அந்தத் தொகை மிச்சம். நீங்கள் கொடுப்பது காலத்தை மட்டும்.

இதே கணக்கில் தேடத் தகுந்தவை வேறு சில: மூலிஸ் ஊரின் ஷாஸ்-ஸ்ப்ளீன், பூஜோ, கூசாக் பக்கத்து லனெசான், இன்னும் வடக்கே பொதான்சாக். 1855 பட்டியலின் ஐந்தாம் படியில் இருந்தும் விலை ஏறாத காந்தமேர்ல் உண்டு. லனெசானும் பொதான்சாக்கும் சொசியாந்தோவைவிடப் பொதுவாக விலை குறைவு. முதன்முறை வாங்குகிறவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

வாங்கும்போது

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது "பண்ணையிலேயே பாட்டிலில் அடைத்தது" என்பதற்கான பிரெஞ்சு வரி: மீ ஆன் பூத்தேய் ஓ ஷாத்தோ. அடுத்தது ஆண்டு. 2010, 2016, 2019, 2020 ஆகியவை மெதோக்கில் நெடுநாளுக்கான ஆண்டுகள். 2009 சதைப்பற்றானது, இளமையிலேயே இனிமை. 2013 குளிரும் மழையும், வைத்திருக்க ஏற்றதல்ல. பண்ணைப் பெயர் பெரிதாக இருந்தாலும், முதல் ஒயினுக்கு எடுக்காத பகுதியிலிருந்து செய்யும் அதன் இரண்டாம் ஒயினா என்று கவனியுங்கள். சொசியாந்தோவின் இரண்டாம் ஒயின் லா தெமுவாசெல். நல்லதுதான், ஆனால் அது சீக்கிரம் குடிக்கச் செய்தது. "பழைய கொடிகள்" என்று லேபிளில் இருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். எத்தனை வயதுக் கொடி பழையது என்று பிரெஞ்சுச் சட்டம் எதையும் வரையறுக்கவில்லை.

பிரான்சில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வசதி: செப்டம்பரில் பெரிய அங்காடிகள் எல்லாம் ஒயின் சந்தை நடத்தும். இந்த வகைப் பண்ணைகள் ஆண்டிலேயே குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அப்போதுதான். முதல் ஓரிரு நாளில் போய்விடுங்கள்.

ஒரு பாட்டில் வாங்குவதில் பொருளில்லை. ஆறு வாங்குங்கள். 2019 அறுவடை என்றால் ஒன்றை 2027 வாக்கில் திறந்து பாருங்கள், அடுத்ததை 2030இல். அப்போதைய நிலையைப் பார்த்து மீதியை இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் திறக்கலாம். இடையில் ஒரு பருவத்தில் ஒயின் வாயை மூடிக்கொள்ளும்: பழமணம் ஒளிந்து, துவர்ப்பு மட்டும் தெரியும். கெட்டுவிட்டது என்று பயந்து மிச்சத்தை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. மூன்று ஆண்டு தொடாமல் இருங்கள்.

தாங்குமா என்று சோதிக்க எளிய வழி ஒன்று. இளம் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்து, மிச்சத்தைக் கார்க் போட்டு வையுங்கள். மறுநாள் ஒயின் இன்னும் மலர்ந்து, மணம் கூடி இருந்தால் ஒயினுக்கு உள்வலு இருக்கிறது. சோர்ந்து தட்டையாகியிருந்தால் வைத்திருக்க வேண்டாம். துல்லியமான சோதனை என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை.

வைத்திருக்கும் இடம்

இதில்தான் பெரும்பாலான பாட்டில்கள் கெடுகின்றன. வேண்டியது 12 முதல் 14 டிகிரி, ஏறத்தாழ 70 சதவீத ஈரப்பதம், இருட்டு, ஆட்டமில்லாத இடம். பாட்டில் படுத்த நிலையில் இருக்க வேண்டும். ஒயின் கார்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது காய்ந்து சுருங்காது. ஆண்டு முழுக்க ஒரே சீராக 16 டிகிரி இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் விரைவாக முதிரும், அவ்வளவே. பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பம்தான் கொல்லும். ஏறும்போது ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளுகிறது. இறங்கும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற ஊர்களில் அறைவெப்பத்தில் வைத்து முதிர வைக்க முடியாது. 30 டிகிரியில் இரண்டு கோடை போனால் ஒயின் வெந்த பழக்கூழ்போல மணக்கும். வேகமாக முதிர்ந்துவிட்டதாக அதை எண்ணக் கூடாது. அந்த வெப்பத்தில் நடக்கும் வேதிவினைகளே வேறு. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி சில மாதங்களுக்குச் சரி, ஆண்டுக்கணக்குக்கு ஆகாது. அதன் 4 டிகிரியில் முதிர்தல் ஏறத்தாழ நின்றுவிடும், உள்ளே காற்றும் வறண்டது. ஒயினுக்கென்றே வரும் பெட்டியை 13 டிகிரியில் வைப்பதுதான் வழி. அது இல்லையென்றால் முதிர்ந்த பாட்டிலாக வாங்கி அந்த வாரமே குடிப்பதுதான் புத்திசாலித்தனம். பாரிஸின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் வீட்டோடு நிலவறையில் ஒரு சிறு அறையும் சேர்ந்து வரும். கொதிநீர்க் குழாய் ஓடாத அறை என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு ஆகஸ்டில் பார்த்துவிடுங்கள்.

பழைய பாட்டில் வாங்கினால் மூன்றைக் கவனியுங்கள். இருபது ஆண்டுப் பாட்டிலில் ஒயின் மட்டம் கழுத்தின் அடிப்பகுதியிலாவது இருக்க வேண்டும். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது. கார்க் வாயை மீறித் துருத்தியிருந்தால் வெப்பம் பட்டிருக்கிறது. மேலுறையின் ஓரம் பிசுபிசுத்தால் கசிந்திருக்கிறது.

திறப்பது

பத்து வயதைத் தாண்டிய பாட்டிலை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். பக்கவாட்டில் படிந்த வண்டல் அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். காலையில் கடையிலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்த பாட்டிலை மாலையில் திறந்தால் கலங்கலும் கசப்பும்தான் மிஞ்சும்.

மேலுறையை முழுதும் நீக்கி, வாயை ஈரத்துணியால் துடையுங்கள். இளம் பாட்டிலுக்குச் சாதாரணத் திருகு போதும், நடுவில் நேராக இறக்கினால் சரி. பழைய கார்க் நைந்திருக்கும். திருகு நடுவைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதற்கு இரண்டு தகடு உள்ள கருவி ஒன்று இருக்கிறது. கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் நீளமான தகட்டை முதலில் நுழைத்து, மற்றதையும் விட்டு, இருபுறமும் மாற்றி மாற்றி ஆட்டி அடிவரை இறக்க வேண்டும். பிறகு முறுக்கிக்கொண்டே மெல்ல மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கீழ்நோக்கி அழுத்தினால் கார்க் உள்ளே விழுந்துவிடும்.

இப்போது வடிக்க வேண்டும். மேசையில் ஒரு மெழுகுவர்த்தியோ கைவிளக்கோ வையுங்கள். பாட்டிலின் கழுத்து அந்த வெளிச்சத்துக்கு நேர் மேலே வரும்படி பிடித்து, டிகான்ட்டர் எனும் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரே ஓட்டமாக, நிறுத்தாமல் சாயுங்கள். முதலில் கழுத்து வழியாக ஓடுவது மாணிக்கச் சிவப்பாகத் தெளிந்திருக்கும். பாட்டில் ஏறத்தாழக் காலியாகும்போது தோள்பட்டையில் புகைபோல ஒரு மெல்லிய நூல் தெரியும். அது அசைந்து கழுத்தை நோக்கி ஊர்ந்து வரும்; பின்னாலேயே கருத்த துகள்கள். அந்த நூல் கழுத்துக்குள் நுழைந்த கணமே பாட்டிலை நிமிர்த்திவிடுங்கள். நடுவில் நிறுத்தி மறுபடி சாய்த்தால் அலையடித்து எல்லாம் கலங்கிவிடும்.

எட்டு வயது ஒயினை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வடித்து வைக்கலாம். காற்றுப் பட்டால் நெகிழும். இருபது, இருபத்தைந்து வயதானதை அப்படிச் செய்யாதீர்கள். உணவுக்குச் சற்று முன் வடித்து உடனே பரிமாறுங்கள், அதன் மணம் நெடுநேரம் நிற்காது. பரிமாறும் வெப்பம் 16 முதல் 18 டிகிரி. "அறைவெப்பம்" என்று எழுதியிருப்பது பழைய ஐரோப்பிய வீட்டு அறையைச் சொல்கிறது, நம்முடையதை அல்ல. 30 டிகிரியில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். வண்டலில்லாத இளம் பாட்டில் என்றால் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும்.

கண்ணாடிக் கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். ஐந்து வயதில் விளிம்புவரை ஊதா கலந்த கருஞ்சிவப்பு. பதினைந்தில் நடு சிவப்பு, விளிம்பு செங்கல் நிறம். விளிம்பிலிருந்து நடுவரை தேன்பழுப்பாகிவிட்டால் அதன் காலம் கடந்துவிட்டது.

உணவு என்றால் அந்த நாட்டில் இதற்கு வறுத்த ஆட்டிறைச்சிதான். போயாக் ஆட்டுக்குட்டி இறைச்சிக்கு அங்கே தனிப்பெயரே உண்டு. புரதமும் கொழுப்பும் டானினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு இதமாகும். மிளகாய்க் காரம் அதற்கு எதிர்: துவர்ப்பு முரடாகும், ஆல்கஹால் எரியும். காரக்குழம்போடு இதைத் திறக்க மனசு வரக்கூடாது. மிளகும் உப்பும் போட்டுச் சுட்ட கறி என்றால் நன்றாகப் பொருந்தும்.

கோளாறு மணங்கள் சிலவற்றை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஈர அட்டைப்பெட்டி, நனைந்த சாக்கு வாடை வந்தால் கார்க் வழி வந்த கெடுதல். அதற்கு மருந்தில்லை, ரசீதோடு கடைக்குத் திருப்புங்கள். நகப்பூச்சு நீக்கியும் வினிகரும் சேர்ந்ததுபோல என்றால் பாக்டீரியா வேலை. அடிபட்ட ஆப்பிள் மணம் காற்றுப் புகுந்ததன் அடையாளம். குதிரை லாய வாடை ஒருவகை ஈஸ்ட்டால் வருவது. பழைய போர்தோவில் லேசாக இருந்தால் பலருக்குப் பிடிக்கும், மிகுந்தால் பழத்தை மூடிவிடும். அணைத்த தீக்குச்சி, அவித்த முட்டை வாடை வந்தால் மட்டும் அஞ்ச வேண்டாம். அது காற்றில்லாமல் அடைபட்டிருந்ததால் வருவது, வடித்து அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

மிச்சமானால், இளம் ஒயினைக் கார்க் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். முதிர்ந்ததை அன்றே முடித்துவிட வேண்டும். வண்டலோடு பாட்டில் அடியில் நிற்கும் இரண்டு விரல்கடை ஒயினைக் கொட்டாதீர்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, வறுத்த இறைச்சியின் சட்டியில் ஊற்றி, அடிப்பிடித்ததைச் சுரண்டிப் பாதியாக வற்றவிட்டால் அதுவே அந்தக் கறிக்குச் சாறு.